குப்பைமேனி போட்ட வட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. படர்தாமரை எந்த மூலிகைக்குக் கேட்கிறது என்று ஆய்வுகூடத்தில் சோதித்துக்கொண்டிருந்தோம். அந்த நோயைத் தரும் பங்கசை, அதாவது பூஞ்சையை, தட்டில் வளர்த்து, நடுவில் இலைச்சாறு விடுவோம். சாறு வேலை செய்தால் அதைச் சுற்றிப் பங்கசு வளராமல் ஒரு வட்டம் வெறுமையாகக் கிடக்கும். வட்டம் பெரிதாக விழுந்தால் ஆய்வு வெற்றி.

நான் எடுத்தது சீமையகத்தி. படர்தாமரைக்குப் பேர்போன இலை. என் தோழி எடுத்தது குப்பைமேனி. நெல்லியடிப் பக்கம், அவர்கள் வெங்காயத் தோட்டத்து வரம்பில் தானாக முளைத்தது. என் தட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். அவளுடையதோ, அம்மாடி, பாதித் தட்டு!

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆய்வுகூடத்துக்குள் வருகிறவர்கள் எல்லாம் அவளுடைய தட்டைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். ஆய்வரங்கில் அவளே பேசட்டும் என்று விரிவுரையாளரும் சொல்லிவிட்டார். அந்த மேடைக்கென்று நான் சேலைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"இலை பிடுங்க நானும் வாறனடி" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு போனேன். உதவி செய்யவா போனேன்? அது குப்பைமேனிதானா, வேறு ஏதுமா என்று பார்க்கத்தான். நாங்கள் வரம்பில் குனிந்து நிற்க, அவளுடைய அப்பா முதுகில் மருந்து தெளிக்கும் தாங்கியுடன் வெங்காயத்துக்கு மருந்தடித்துக்கொண்டே வந்தார்.

"பிள்ளையள், கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ. மருந்து உங்கடை மேலிலை படப்போகுது."

"உது என்ன மருந்து, அங்கிள்?"

"வெங்காயத்துக்குப் பங்கசு பிடிக்காமல் அடிக்கிறது, பிள்ளை."

வரம்போரத்துக் குப்பைமேனியும் அந்த மருந்தில் நனைந்து நின்றது. பங்கசைக் கொன்றது எது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அப்பாடா என்றிருந்தது. அவளிடம் மூச்சு விடவில்லை. ஆய்வரங்குக்கு முந்திய ஒத்திகையில், எல்லாரும் இருக்கும்போது கேட்டு அவளை மடக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று கண்ணாடிக்கு முன் நின்று பேசியும் பார்த்தேன்.

ஒத்திகை நாளில் அவள் எழுந்தாள். நான் கேட்கும் முன்பே அவளாகவே தொடங்கினாள்.

"சேர், என்ரை முடிவு பிழை. அப்பா அடிக்கிற மருந்து இலையிலை பட்டிருக்கு. மருந்து படாத இடத்துக் குப்பைமேனியை வைச்சுப் பாத்தன். வட்டமே விழேல்லை." பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "இவள்தான் அப்பாட்டை என்ன மருந்தெண்டு கேட்டவள். இல்லாட்டி எனக்கு மூளையிலை ஓடியிராது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

ஆய்வரங்கில் சீமையகத்தியைப் பற்றி நான்தான் பேசினேன், அந்தச் சேலையோடு. அவள் முன்வரிசையில் இருந்து போனில் படமெடுத்தாள். "சிரியடி, உம்மெண்டு நிக்கிறாய்" என்று சைகையும் காட்டினாள். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், எடுத்தவள் மீது அன்றைக்கு இருந்ததைவிடக் கூடுதலாகப் பொறாமை வருகிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி எழுந்து நின்றிருக்க மாட்டேன்.