நீலம் ஏறாத குழாய்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பாட்டில் அக்கா. பதினொரு வருடம் பாட்டில் கழுவியவளுக்கு வேறென்ன பேர் கிடைக்கும்? கடல்தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை அளக்கும் வேலை போன வருடம்தான் அவள் கைக்கு வந்தது. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சரக்குதான் சிலிக்கா. குழாயில் மருந்தைச் சொட்டினால் தண்ணீர் நீலமாகும். எவ்வளவு நீலமோ, அவ்வளவு சிலிக்கா. வீட்டில் ஒருவரும் பார்த்திராத வேலை. கணவன் சொந்தக்காரர்களிடம், "என் பொண்டாட்டி கடலையே அளக்கிறா" என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆழத்துத் தண்ணீரில் நீலம் ஏறியது. மேல்மட்டத் தண்ணீரில் ஏறவே இல்லை.

அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவளான மேடம் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்னக்கா இது? காய்ச்சி வடிச்ச தண்ணி மாதிரி இருக்கு."

அக்கா மணிக்கணக்கை எண்ணிப் பார்த்தாள். உறைய வைத்த பாட்டிலை வெளியே எடுத்தால், ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துதான் அளக்க வேண்டும். உறையும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சிலிக்கா பிரிந்து வராவிட்டால் மருந்துக்குப் பிடிபடாது. மகளுக்குக் காய்ச்சல் என்று திங்களன்று தாமதமாக வந்தவள், மாலையில்தான் பாட்டில்களை எடுத்து வைத்தாள். மறுநாள் காலையிலேயே அளந்தும்விட்டாள். சொன்னால் மறுபடி பாட்டில் கழுவும் தொட்டிதான். சொல்லாவிட்டால் பொய்க்கணக்கு.

மத்தியானம், தண்ணீர் பிடித்து வந்த படகுக்கார அண்ணன் கயிற்றைத் திருப்பித் தர வந்தார்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"மேல்தண்ணில ஒண்ணுமே இல்லண்ணே."

"ஒண்ணுமே இல்லையா? படகுல அதை வடிகட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாடி முளைச்சிருச்சு. காப்பி வடிகட்டின மாதிரி தாள் பழுப்பா போச்சு."

அக்கா எழுந்து ஓடினாள். டப்பாவில் வடிதாள் பத்திரமாக இருந்தது. நல்ல பழுப்பு. அதோடு மேடத்தின் அறைக்குப் போய், திங்கட்கிழமை மாலைக் கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

மேடம் தலையில் கை வைத்தாள். "அக்கா! இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"தொட்டிக்கே திருப்பி அனுப்பிருவீங்களோன்னு..."

"அதை அப்புறம் பாப்போம். அதே தண்ணில பிடிச்சு உறைய வச்ச ஜோடி பாட்டில் இருக்குல்ல? எடுத்து வைங்க. ஒரு நாள் முழுசா."

தாளிலிருந்து சுரண்டியதை நுண்ணோக்கியில் வைத்தார்கள். சங்கிலி சங்கிலியாக டயட்டம்கள். கரைந்த சிலிக்காவை உறிஞ்சி, தங்களுக்குக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசிகள்.

வியாழன் காலை ஜோடி பாட்டில்களை அளந்தார்கள். மேல்தண்ணீரில் அப்போதும் நீலம் இல்லை. ஆழத்துத் தண்ணீரிலோ முன்பைவிடக் கெட்டி நீலம். அவசரம் கெடுத்தது அந்த ஆழக் கணக்கை மட்டும்தான். மேலே இருந்ததைப் பாசி உண்மையிலேயே தின்று தீர்த்திருந்தது. அது செத்து அடியில் இறங்கும்போது ஓடு மெல்லக் கரைகிறது. கலங்கும் கடல் அதை ஒரு நாள் மறுபடி மேலே கொண்டுவரும்.

"பழைய ஆழக் கணக்கை அடிச்சிட்டு, காரணத்தையும் எழுதுங்க. அடுத்த வாரத் தண்ணியையும் நீங்கதான் அளக்கணும்" என்றாள் மேடம்.

இரண்டு நாளாகத் திறந்து திறந்து மூடிய சாப்பாட்டு டப்பாவை அக்கா அன்று வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டுக் கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அளக்கிற வேலை போகல."

"போகும்னு யாரு சொன்னா?"

அப்போதுதான் நினைவு வந்தது, அவனிடம் எதையுமே சொல்லவில்லை என்று.