மைக்கில் அடித்த சோளகம்

எங்கள் சிற்றாலயத்தின் கடல் பக்கத்துக்குச் சுவர் இல்லை. திருநாளுக்கு முந்திய நவநாள்கள் சோளகக் காற்று வீசும் காலத்தில்தான் வரும். காற்று மைக்கில் பட்டதும் ஸ்பீக்கர் பறை அடிப்பதுபோல முழங்கும். யாருடைய செபமும் விளங்காது.

எனக்குப் பத்து வயதில்தான் முதன்முதலாக அங்கே வேத வாசகம் படிக்கக் கிடைத்தது. செபமாலையை முன்னின்று சொல்பவர் பெரியப்பா. அடித்தொண்டையிலிருந்து வரும் அப்படியொரு குரல் கொழும்புத்துறைக் கரையில் வேறு யாருக்கும் இல்லை என்பது ஊரின் எண்ணம், அவருடைய எண்ணமும்கூட. ஸ்பீக்கர் பூட்டுபவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா. பொதுவில் இருந்த வள்ளத்தை விற்று, தன் பங்கில் அந்த ஸ்பீக்கர்களை அவர் வாங்கிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை; ஒருவரை ஒருவர் அண்ணை, தம்பி என்று சொல்வதுமில்லை.

முதல் நாள் முழக்கத்தில் பூசை வைக்க வந்த சுவாமிக்குத் தலையிடி வந்துவிட்டது. மறுநாள் சித்தப்பா மைக் வயரின் முனையைக் கழற்றி, கொண்டென்சர் என்ற மிளகளவு மின்பாகம் ஒன்றைக் கம்பிக்கு நடுவே வைத்து ஈயத்தால் ஒட்டினார். காற்றின் முழக்கம்போலத் தடித்த சத்தம் இதைத் தாண்டாது, கீச்சென்ற மெல்லிய சத்தம் தாண்டும் என்றார்.

அன்று பின்னேரம் ஸ்பீக்கரில் காற்றே இல்லை. என் வாசகம் கணீரென்று கேட்டது. பிறகு பெரியப்பா மைக்குக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தார். தகரப் பேணிக்குள் இருந்து யாரோ கதைப்பதுபோலக் கேட்டது. பின் வாங்கில் இருந்த பெடியள் சிரித்தார்கள். அவர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் குரலில் சொல்லி முடித்தார். பாதியைக் காற்றுக் கொண்டுபோனது.

அடுத்த நாள் அவர் வரவில்லை. தொண்டை சரியில்லை என்று பெரியம்மா வந்து சொன்னார். தம்பிக்காரன் வேண்டுமென்றே செய்தான் என்று ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கதை.

அதற்கு அடுத்த நாள் சித்தப்பா மறுபடி முனையைக் கழற்றினார். பெரிய கொண்டென்சர் என்றால் தடித்த சத்தத்தையும் கொஞ்சம் விடுமாம். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்து, பெரியப்பாவைப்போலக் குரலைத் தடிப்பித்துச் சொல்லும்படி என்னை மைக்கின் முன் நிறுத்தினார். ஒன்று பிடித்துப்போனதும், பெரியப்பாவை இன்றைக்கு வரச் சொல் என்று அனுப்பினார்.

பெரியப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இன்றைக்கு வரட்டாம் என்றேன்.

“உவனோ சொல்லிவிட்டவன்?”

“ஓம்.”

வலையில் இன்னும் இரண்டு கண் பொத்திவிட்டு, “வாறன் எண்டு சொல்லு” என்றார்.

அன்று அவர் குரல் முழுதாக வந்தது. கூடவே காற்றும் கொஞ்சம் வந்தது. என் வாசகத்தில் இரண்டு இடம் அந்த முழக்கத்தில் அடிபட்டுப்போனது. வயர் சுற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போய் முறைப்பட்டேன்.

“காத்து கொஞ்சம் கேட்டால் கேக்கட்டும், பிள்ளை. அண்ணையின்ரை குரல் வரவேணும்.”

எனக்கு அது நியாயமாகவே படவில்லை. காற்றை முழுதாக நிறுத்தத் தெரிந்தவர் ஏன் அரைகுறையாக விட்டார்? வீட்டுக்கு வந்து அழுதேன். சித்தப்பா சொன்னதை அம்மா திரும்பவும் சொல்லச் சொன்னார்.

“அண்ணை எண்டோ சொன்னவர்?”

ஓம் என்றேன். அம்மா என் கண்ணைக்கூடத் துடைத்துவிடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுப் பக்கம் விரைந்தார். என் வாசகம் கெட்டுப்போனதைப் பற்றி நியாயம் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.