அவள் முதலில் எழுதிவிட்டாள்

அந்த இங்கிலாந்து நாடகாசிரியையை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவளிடம் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் காரணம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் அம்மா ஒரு பெரிய கடையில் பில் போட்டவர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். அவள் நாடகங்களில் பெரிய வசனம் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பாதிப் பேச்சில் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். லண்டனில் அதற்கு டிக்கெட் கிடைக்காதாம். என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். யாங்கூனின் தாகேதா சந்தையில் காய்கறி விற்று அம்மா என்னைப் படிக்க வைத்தாள். கதை இருவருக்கும் ஒன்று. மேடை மட்டும் அவளுக்கு.

யாங்கூனில் எங்கள் பன்னிரண்டு பேருக்கு அவள் இணையத்தில் வகுப்பு எடுத்தாள், மின்சாரம் இருக்கும் மதியங்களில். கடைசியில் ஒரே ஒரு காட்சியை அவள் தேர்ந்தெடுப்பாள். அதை எங்கள் ஊர் நடிகர்கள் ஒரு சிறு அரங்கில் வாசிப்பார்கள். அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒருவர் பேசுவதைப் பதிவு செய்து, ஒரு சொல்லையும் விடாமல் எழுத வேண்டும் என்றாள். அம்மாவைப் பதிவு செய்தேன். எழுதும்போது ஓர் இடத்தை மட்டும் வெட்டினேன்.

வகுப்பில் அதை நான் வாசித்து முடித்தபோது, சந்தையிலிருந்து சீக்கிரம் திரும்பிய அம்மா என் பின்னால் நின்றிருந்தாள். பெண் டீச்சர்களை எங்கள் ஊரில் ஸயாமா என்போம்.

“இதுவா உங்க ஸயாமா? சின்னப் பொண்ணா இருக்கே!”

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் திரையில் அவள் சிரித்தாள். என் எழுத்துக்கு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. “நீ எதையாவது விட்டிருக்கிறாயா என்று அம்மாவைக் கேள்,” என்றாள்.

கேட்டேன்.

“விடாம இருப்பாளா? காலேஜ் சேந்த புதுசுல சிநேகிதிங்களோட சந்தைக்குள்ள வந்தா. ‘ஏ, இங்க வா’ன்னு கூப்பிட்டேன். வெண்டைக்காயப் பாத்தா, கத்திரிக்காயப் பாத்தா, என்னை மட்டும் பாக்கல. அப்படியே போயிட்டா.”

“ஒன்றும் விடவில்லையாம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இவ்வளவு நேரம் பேசி அவ்வளவுதான் சொன்னாரா?”

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகம் தெரியும். “சொல்லுடி. நான் என்ன பொய்யா சொன்னேன்?”

சொன்னேன். மற்ற பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரையில் இருந்தவள், தன் முதல் நாடகமே அப்படித்தான் தொடங்குகிறது என்றாள். தோழிகளோடு கடைக்கு வரும் மகள், அம்மா பில் போடும் வரிசையை விட்டு அடுத்த வரிசையில் போய் நிற்கிறாள். அந்த நாடகத்துக்குத்தான் அவள் பரிசு வாங்கினாள். “என் அம்மா அதை நான்கு முறை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.”

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் நான் வைத்திருந்த ஒரே அசிங்கம். அதையும் எனக்கு முன்னால் செய்து, எழுதி, கைதட்டலும் வாங்கிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. இனி நான் எழுதினால் அவளைப் பார்த்து எழுதியதாகத்தானே சொல்வார்கள்?

ஆனால் அவள் அம்மா பேசவில்லை. என் அம்மா பேசினாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெட்டிய இடத்தை அம்மா சொன்னபடியே எழுதி அனுப்பினேன். என்னுடையதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

அரங்கில் அதைப் பர்மியத்தில் வாசித்தார்கள். முதல் வரிசையில் இருந்த அம்மா, அந்த இடம் வந்ததும் பக்கத்து ஆளிடம் உரக்கச் சொன்னாள்: “அது நான்தான். ஆனா நான் இவ்வளவு சாதுவாப் பேசல.”

அரங்கமே சிரித்தது. முடிந்ததும் எல்லோரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். லண்டனிலிருந்து வந்த செய்தியிலும் வாழ்த்து அம்மாவுக்குத்தான். நடிகர்கள் அம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். போனை என் கையில் கொடுத்தார்கள்.