யூனுஸ் பாயின் நாலு நிமிஷம்

கிளாரினெட்டைக் கத்தவிடுவதும் வாசிப்பில் சேர்த்திதான் என்று அந்தப் பெங்களூர்க்காரர்கள் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் தீரவில்லை. சொல்லியிருந்தால் என் கை சும்மா இருந்திருக்கும்.

யூனுஸ் பாய் உக்கடத்தில் தகர வேலை செய்தவர். முகூர்த்த நாளானால் பேண்ட் செட்டில் கிளாரினெட். நான் மைக்செட் போடுகிற கல்யாணங்களில் பாதிக்கு அவர் வருவார். பாட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே குழலை ஒரு கடி கடித்து, கீச்சென்று உச்சிக்கு ஏற்றி அங்கேயே நிறுத்துவார். சிங்காநல்லூர் ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் மாமா, "ஏனுங்க பாய், குழலுக்குள்ள பூனை ஏதாச்சும் மாட்டிக்கிச்சுங்களா?" என்றார். "ஒண்ணில்லீங்க, ரெண்டு" என்று சொல்லி இன்னொரு தரம் ஏற்றினார் பாய்.

அங்கே வந்திருந்த பெங்களூர் ஆட்களுக்கு அந்தக் கீச்சுதான் பிடித்தது. ஜாஸ் ஃப்யூஷன் என்றார்கள். கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். தொண்ணூற்று நாலில் கோயமுத்தூரில் ஒரு ஹாலில் கச்சேரி வைத்து, அப்படியே கேசட்டுக்குப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் மட்டும் கூட வர, பாய்க்குத் தனியாக நாலு நிமிஷம்.

பாய்க்கு அப்போதே தாடையில் புற்று. முதலில் பல்லெல்லாம் பிடுங்க வேண்டும், பிறகு தாடையை வெட்ட வேண்டும். பல் போனால் கிளாரினெட்டும் போச்சு. "நான் வாசிச்சத நான் ஒருக்காகூட வெளிய இருந்து கேட்டதில்லீங்க லட்சுமணண்ணா. அது ஒண்ணு போதுங்க" என்றார்.

மைக்செட் நான்தான். என் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் அவர்களுடைய டேப் மெஷினுக்குப் போனது. பாய் ஆரம்பித்தார். அரை நிமிஷத்தில் கீச்சென்று ஒரு சத்தம். இருபது வருஷமாக, ஸ்பீக்கர் சத்தத்தைப் பிடித்து மைக் கூவினால் குறைத்துக் குறைத்துப் பழகின கை. நினைக்கும் முன்பே மிக்ஸரில் அவருடைய மைக்கை அடியோடு இறக்கிவிட்டேன், திரும்ப ஏற்றவில்லை. பாய் மேடையில் கண்ணை மூடி வாசித்தார். முன்வரிசைக்காரர்களுக்கு நேராகவே கேட்டிருக்கும், கை தட்டினார்கள். கூவலை அடக்கிவிட்ட திருப்தியில் நானும் தட்டினேன்.

பல்லைப் பிடுங்கிய மறுவாரம் கேசட் வந்தது. பாயின் இடத்தில் அரை நிமிஷம் குழல், பிறகு வெறும் டிரம்ஸ். அதற்கு அடியில், நாலு வீடு தள்ளி யாரோ அழுவது மாதிரி ஏதோ ஒன்று. பாயின் குழல் டிரம்ஸ் மைக்கில் ஒட்டிக்கொண்டது அவ்வளவுதான். பெங்களூருக்குப் போன் போட்டேன். எல்லாம் ஒரே டேப்பில் கலந்தாகிவிட்டது, இனி ஒன்றைப் பிரித்து எடுக்க யாராலும் முடியாது என்றார்கள். அது எனக்கும் தெரிந்ததுதான்.

மறுநாள் ஆபரேஷன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நோன்புக்கு முன்பே போய்விட்டார். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டேப்ரெக்கார்டரை அவர் காதோரம் வைத்துப் போட்டேன். அவர் சம்சாரம் ரம்ஜான் பீவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது. என் கைதான் காரணம் என்று சொல்லிவிட்டேன். பாய் முழுக்கக் கேட்டார், சுற்றச் சொல்லி மறுபடி கேட்டார். பிறகு என் முழங்கையைத் தொட்டு, பல்லில்லாத வாயால் மெதுவாகச் சொன்னார்:

"அந்த டிரம்ஸ மட்டும் கொஞ்சம் கொறச்சு வைங்கண்ணா."