பியோர்டுக்குக் கொண்டுபோன சோறு

டேனிஷ் நகரமான கோல்டிங்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் ஞானேஸ்வரிக்கு, ஊட்டி ஊட்டியே கை பழகிவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிடிவாதக்காரக் கிழவர்கள்கூட அவளிடம் இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். செத்துப்போன புருஷனையே விடாதவள் இவர்களை விடுவாளா? சிறீஸ்கந்தராசாவின் சாம்பலை அனுமதி எடுத்து, நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடற்கழியான பியோர்டின் வாயில் கரைத்து நாலு வருசம். திதிக்குத் திதி சோறு, மரக்கறி, பால், எள்ளுருண்டை என்று ஒரு வாளி நிறையக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவாள். இல்லாவிட்டால் மனுசன் பசியோடு இருப்பார் என்று அவளுக்கு நிச்சயம்.

மகள் தனுசியா உயர்பள்ளியில் அமெரிக்க நாவல்கள் படிப்பிக்கிறவள். இந்தக் கோடையில் ஒரு நாவலின் டேனிஷ் மொழிபெயர்ப்பைத் தாய்க்குக் கொடுத்தாள். ஒரு பண்ணைக் குடும்பத்தின் கதை. வயலுக்குப் போட்ட எரு மழையோடு ஆற்றுக்குப் போக, ஆறு தின்று தின்றே மூச்சடைத்துச் சாகிறது. ஞானேஸ்வரி பஸ்ஸில் வாசித்துக்கொண்டு போனவள் பாதியில் மூடிவிட்டாள். அவளுடைய புருஷன் இருபத்திரண்டு வருசம் பன்றிப்பண்ணைக் கழிவை எருவாக ட்ரக்டரில் வயல்களுக்கு விசிறியவர். அந்த உழைப்பில்தான் அந்த வீடு சாப்பிட்டது.

“எங்கட பியோர்டும் இப்பிடித்தானோ பிள்ளை?”

தனுசியா டேனிஷில்தான் பதில் சொன்னாள். அடித் தண்ணீரில் ஒக்சிஜன் இல்லை, மீன்கள் சாகின்றன, வயல் எருவில் பாசி பெருகி அழுகுகிறது, அளவுக்கு மிஞ்சிய தீனிதான் காரணம் என்றாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகத் தமிழுக்கு மாறினாள்.

“அம்மா, உங்கட ஒரு வாளி ஒரு கணக்கே இல்லை.”

“கொப்பரும் தன்ர ஒரு ட்ரக்டர் கணக்கில்லை எண்டுதான் நினைச்சிருப்பார்.”

செப்டெம்பரில் திதி வந்தது. வழக்கம்போல எல்லாம் சமைத்தாள். சமைக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. கரையில் அழுகல் நாற்றம். செத்த நண்டுகள் ஒதுங்கிக் கிடந்தன. வாளியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், பிறகும் திறந்தாள். இந்தத் தண்ணீருக்குள் அவரைக் கரைத்துவிட்டதும் தான்தானே என்று நெஞ்சு வெந்தது.

“இஞ்சருங்கோ, குறை நினைக்காதையுங்கோ,” என்றாள் தண்ணீரைப் பார்த்து. “இனி நான் கொண்டர மாட்டன்.”

பிறகு கல்லொன்றில் குந்தி, வாளிச் சோற்றை அழுதழுது தானே சாப்பிட்டாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, அவருக்கென்று சமைத்த சோற்றில் அவருக்குப் போடாமல் அவள் கைவைத்தது அன்றைக்குத்தான்.