பழைய பதிப்பை மூடாதேங்கோ

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் தொழிலில் வாலையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் புகார் எழுதுவார்கள்.

நாங்கள் கொடுக்கிற மாடு ஒரு சீட்டு விளையாட்டு. பெயர் முந்நூற்று நாலு. ஒரு மேசைக்கு நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். எந்த நாட்டிலிருந்தும் போனில் சேர்ந்து ஆடலாம். காசு கிடையாது. அதன் கணினி நிரலும் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். அந்தத் திருத்தங்களில் எதைச் சேர்ப்பது, எந்தப் பதிப்பை எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்வது என் வேலை. பகலில் மெல்பேர்ன் சிட்டியில் ஒரு கம்பெனியில் இதைச் சம்பளத்துக்குச் செய்துவிட்டு, புறநகர் பொயிண்ட் குக்கில் இருக்கிற வீட்டுக்கு வந்து சும்மா செய்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்களும் எங்கேயாவது ஒரு சங்கத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ இப்படித் தலையைக் கொடுத்தவராகத்தான் இருப்பீர்கள்.

எந்த ஊர் விதி?

விளையாட்டை முதலில் எழுதியவன் மயூரன். யாழ்ப்பாணத்துப் பையன், மெல்பேர்னின் இன்னொரு மூலையில், டண்டினொங்கில் இருக்கிறான். நான் மதுரைக்காரி. கையில் புள்ளியே இல்லாத சீட்டாக வந்தால் மறுபடி கலைத்துப் போடச் சொல்லலாமா, கூடாதா? மயூரன் ஊரில் சொல்லலாம். பக்கத்து ஊரில் கூடாதாம். எங்கள் மாமா வீட்டில் யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்கு மட்டும் உண்டு.

சொல்லலாம் என்று வெளியிட்டேன். பிழை என்று புகார் வந்தது. கூடாது என்று மாற்றினேன். அதற்கும் பிழை என்று புகார். எது பிழை, எது விதி என்று எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் ஒருவருக்குப் பொறுமையாகப் பதில் எழுதினேன்: ஐயா, இது பிழை இல்லை, இது மயூரனின் ஊர் வழக்கம். உடனே பதில் வந்தது: "அப்ப முதல்லை அவரின்ரை ஊரைத் திருத்துங்கோ."

எல்லாரும் கேட்ட வசதி

ஆடும்போது பேச வேண்டும், குரல் வசதி கொடுங்கள் என்று ஊரே கேட்டது. மயூரன் உட்கார்ந்து செய்துவிட்டான். இதில் ஒரு சங்கடம். மேசையில் இருக்கிற நாலு பேரும் ஒரே பதிப்பில் இருந்தால்தான் ஆட்டம் நடக்கும். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை வேறு இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமையோடு பழையது மூடப்படும், எல்லாரும் புதியதுக்கு மாறுங்கள் என்று அறிவித்தோம்.

மறுநாள் எனக்குப் போன் வந்தது. சிட்னி ஹோம்புஷ்ஷிலிருந்து பத்மா அன்ரி என்று ஒருவர். யாரையோ பிடித்து என் நம்பரை வாங்கியிருக்கிறார். பழைய பதிப்பை மூடாதேங்கோ என்றார். போன் பழசா ஆன்ட்டி என்றேன். புதுசு. இடம் இல்லையா? நிறைய இருக்கு. அப்டேட் பண்ணத் தெரியலையா? மகள் இருக்கிறாள், செய்வாள். சரி, அதில் என்னதான் சிக்கல் என்று கேட்டேன். "எனக்கு ஒரு சிக்கலும் இல்லைப் பிள்ளை. எல்லாம் வடிவா வேலை செய்யுது. அதாலைதான் மாத்த வேண்டாம் எண்டுறன்."

எதிர்க் கதிரையில் யார்?

எனக்கு மண்டை குடைந்தது. இரண்டு நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தினமும் காலையில் அவர் ஆடுவது கனடாவில் இருக்கிற ஒருவரோடு. மற்ற இரண்டு கதிரையிலும், அதாவது நாற்காலியிலும், கணினிதான் ஆடும். அந்த ஒருவர் அவருடைய தம்பி. அம்மா செத்த பிறகு ஊர் வீட்டை யார் எடுப்பது என்று ஏற்பட்ட சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுவிட்டது. வருஷக்கணக்காகப் போன் கூடக் கிடையாது. தம்பி பொய்ப் பெயரில்தான் ஆடுகிறார். ஆனால் துருப்புச் சீட்டைக் கடைசிவரை இறக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிற ஆளை அக்காவுக்குத் தெரியாதா?

அவருக்கும் உங்களைத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாமலோ ஒவ்வொரு நாளும் வந்து எனக்கு முன்னாலை இருக்கிறான்?" அப்படியென்றால் பேசிவிட வேண்டியதுதானே, அதற்குத்தானே குரல் வசதி என்று நான் புத்திசாலித்தனமாகச் சொன்னேன். அவர் சொன்னார்: "கதைச்சாச் சண்டை வரும் பிள்ளை. விளையாடினா வராது."

யார் போட்டது?

ஓட்டை உள்ள பதிப்பை இரண்டு பேருக்காகத் திறந்து வைக்க முடியாது என்று மயூரன் கறாராகச் சொன்னான். அவன் சொன்னதும் நியாயம்தான். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். புதிய பதிப்பில் மைக் மூடியே இருக்கும், வேண்டியவர்கள் மட்டும் தொட்டுத் திறக்கலாம். பத்மா அன்ரியிடம் சாமி சாட்சியாகச் சொன்னேன், நீங்கள் தொடாமல் ஒரு சத்தமும் போகாது, வராது என்று. அரைமனதாகச் சம்மதித்தார். தம்பிக்கும் திரையில் அறிவிப்புப் போனது, அவரும் மாறிவிட்டார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன், வெளியான பதிப்பில் எல்லாருக்கும் மைக் திறந்தே கிடக்கிறது. மூடுகிற திருத்தம் எங்கே? அது அடுத்த பதிப்புக்கென்று தனியாக வைத்திருக்கிற நிரல் கிளையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஏதோ இரண்டு பேருக்குள் மிச்சம் இருந்த ஒன்றையும் நாங்கள் கெடுத்துவிட்டோமே என்று அழுகையே வந்தது. மயூரனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் சொன்னான்: "ஓம் அக்கா, நீங்கள் போட்டிட்டீங்கள் எண்டு நான் நினைச்சன்."

திறந்து கிடந்த மைக்

பத்மா அன்ரியின் போன் வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்து, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டேன். திருத்தம் தயார், இன்று சாயங்காலமே மூடிவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். முழு ஆட்டமும் ஆடினார்களாம். அங்கே தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கதிரை இழுக்கிற சத்தம் எல்லாம் கேட்டதாம். நடுவில் தம்பி இருமிக்கொண்டே இருந்தாராம், நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற இருமல். அவருக்கு உடம்புக்கு முடியாததை யாரும் இவருக்குச் சொல்லவில்லை.

இவர் மைக்கை மூடவும் இல்லை, பேசவும் இல்லை. நாளைக்கும் ஆடப்போகிறார். அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும் ஆன்ட்டி, இன்றைக்கு மூடட்டுமா என்று கேட்டேன். "அவன்ரை இருமல் நிக்கட்டும் பிள்ளை. பிறகு பூட்டுங்கோ."

மைக்கை எப்போது மூடுவீர்கள் என்று ஊரே புகார் எழுதுகிறது, திருத்தம் கையில் தயாராக இருக்கிறது, தாமதத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.