விண் பூட்டிய பட்டம்

என் மச்சான் சிவபாலன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ட்ருகனினா என்ற புறநகரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அமெச்சூர் வானொலிப் பரீட்சை பாஸாகி ஆறு வருடம். பக்கத்து டார்னெய்ட்டில் உள்ள அவருடைய வீட்டுக் கூரையில் ஆன்டெனா நட அந்தக் குடியிருப்பு எஸ்டேட்டின் விதி விடவில்லை. அதனால் இங்கிலாந்தின் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்ற அவருடைய ஆசை அப்படியே கிடந்தது.

போன மாதம் அவருடைய வானொலிக் கழகம் ஒரு பரிசோதனை வைத்தது. வயர்லெஸ்ஸின் ஆரம்ப காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கப் பட்டத்தில் கம்பி கட்டி ஏற்றினார்களாம். அந்தக் கம்பிதான் ஆன்டெனா. அதேபோல் நாமும் ஏற்ற வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஒருவர் மோர்ஸ் தந்திக் குறியில் கூப்பிடுவார். ஆளுக்குப் பத்து நிமிடம். ஞாயிறு காலை ஏழு மணி சிவபாலனின் முறை.

பட்டம் என்றதும் மனுசன் சும்மா இருப்பாரா? ஆறடிப் பட்டம் கட்டினார். கிடங்கில் பெட்டி கட்டும் நாரை ஒரு வில்லில் இழுத்துக் கட்டி, காற்றில் கூவும் விண் ஒன்றும் செய்து பட்டத்தின் தலையில் பூட்டினார்.

"இதுக்கு ஏன் மச்சான் விண்?" என்றேன்.

"விண் இல்லாமல் ஏத்தினால் அது பட்டமே? சனம் சிரிக்கும்."

ஞாயிறு காலை வெட்டவெளியில் நிற்கப்போவது நாங்கள் இருவரும் கழகச் செயலாளரும்தான். எந்தச் சனம் சிரிக்கப்போகிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டம் அழகாகத்தான் ஏறியது. கம்பியும் ஏறியது. விண் ஹெட்போனையும் மீறி வெளியெல்லாம் அதிரக் கூவியது. ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்தியபடி சிவபாலன் பல்லைக் கடித்தார்.

"அண்ணே, மேல அந்தச் சத்தத்த நிறுத்த முடியாதா?" என்று கத்தினார் கழகச் செயலாளர் விவேக், கோயம்புத்தூர்க்காரர். "மணி ஏழு அஞ்சு."

நிறுத்த வேண்டுமானால் பட்டத்தை இறக்க வேண்டும். இறக்கினோம். ஆத்திரத்தில் நானே விண்ணை அறுத்தேன். பட்டத்தைத் தாங்கும் முச்சைக் கயிறு விண்ணின் பாரத்துக்கு அளந்து கட்டியது. அந்தப் பாரம் போனதும் பட்டம் சுற்றிச் சுற்றித் தலைகுத்தி விழுந்தது. மறுபடி ஏற்றினோம். மறுபடி விழுந்தது.

ஏழு பத்துக்கு விவேக்கின் போனில் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. பத்து நிமிடமும் சிவபாலனையே கூப்பிட்டாராம். கேட்டதா என்று விசாரித்திருந்தார்.

"என்னண்ணே பதில் போட?"

சிவபாலன் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"கேக்கேல்லை எண்டு போடும் தம்பி. ஏன் எண்டு மட்டும் எழுதாதையும்."